மின்வெட்டுக்கு நடுவே ஒரு அல்பம்: மலையகப் பொப் குழு ஒன்றின் பதினாறு மாதங்கள்

யார், எங்கே

இந்தக் குறிப்பில் ஆட்களுக்கும் தோட்டத்துக்கும் பெயர் இல்லை. குழுவினர் அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கும் பொகவந்தலாவைக்கும் இடையில் ஒரு தேயிலைத் தோட்டம் என்று வைத்துக்கொண்டால் போதும். ஒலிப்பதிவுப் பொறுப்பு என்னுடையது. ஆகவே இதில் வரும் தவறுகளில் சில என்னுடையவை. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறேன்.

குழு தொடங்கியது 1986 இல். எழுபதுகளில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்களின் பொப் பாட்டு வானொலி வழியாக ஊர் ஊராகப் போனபோது இவர்கள் சிறுவர்கள். லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவர் வீட்டு ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதுதான் இவர்களுக்கு இசைப் பள்ளிக்கூடம். இலங்கை ஆட்டப் பாட்டான பைலாவின் தாளத்தோடு ஊர்த் தப்பு மேளத்தையும் சேர்த்து வாசித்துப் பழகினார்கள்.

2022 இல் குழுவில் ஆறு பேர். பாடகர் ஓய்வுபெற்ற ஆசிரியர், 61 வயது, எல்லோருக்கும் 'மாஸ்டர்'. கீபோட் வாசிப்பவர் தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கிட்டார்க்காரருக்கு ஹட்டனில் தையல் கடை. டிரம்ஸ் அடிப்பவர் ஆட்டோ ஓட்டுகிறார். 1998 இல் சேர்ந்த பாடகி முன்பள்ளி ஆசிரியை. பேஸ் கிட்டார் மாஸ்டரின் அக்கா மகன், 26 வயது.

வருமானம் கல்யாண வீடு, மாரியம்மன் திருவிழா, பாடசாலை விழா. மேடையில் பெரும்பாலும் சினிமாப் பாட்டுத்தான். சொந்தப் பாட்டு என்று பதினான்கு இருந்தும் பதிவானது 1993 இல் போட்ட ஒரே கெசட்டில் (ஒலிநாடாவில்) மட்டும். அதில் ஒரு பாட்டு மட்டும் தோட்டங்களில் நின்றுவிட்டது. வேலைக்கான நேர்முகக் கடிதம் தோட்ட ஆபீசிலேயே கிடந்து, நாள் போன பிறகு கைக்கு வருவதைப் பற்றிய பாட்டு. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது, கடிதம் எல்லாம் ஆபீசுக்குத்தான் வரும் என்பதால் அதைக் கேட்ட ஒவ்வொருவருக்கும் சொந்தமாக ஒரு கதை இருந்தது. இனி அதைக் கடுதாசிப் பாட்டு என்கிறேன். வரிகளை எழுதியவர் குழுவின் நண்பரான ஒரு கணக்கப்பிள்ளை, தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர். 2009 இல் இறந்துவிட்டார். கெசட் அட்டையில் அவர் பெயர் இல்லை, குழுவின் பெயர் மட்டுந்தான். இது பின்னால் தேவைப்படும்.

2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புக்குப் பிறகு மேடைகள் குறைந்தன. அப்புறம் இரண்டு வருடம் கொரோனா. 2021 டிசம்பரில் மாஸ்டர் எல்லோரையும் கூப்பிட்டு, "இனிமே மேடைக்குக் காத்திருந்தா நம்ம பாட்டு நம்மளோடயே போயிரும்" என்றார். ஐந்து புதிய பாட்டு, மூன்று பழைய பாட்டு, மொத்தம் எட்டு என்று முடிவானது.

கொழும்புத் திட்டம் கைவிடப்பட்டது: 2022 பெப்ரவரி – மார்ச்

முதல் திட்டம் கொழும்பில் ஒரு ஸ்டூடியோவில் நான்கு நாள். ஆறு பேரும் போட்ட பணத்தில் முற்பணமும் கட்டியாயிற்று. நாட்டின் பொருளாதார நெருக்கடி முற்றி, மார்ச் 7 இல் ரூபாயை மிதக்கவிட்டார்கள். 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. ஸ்டூடியோ கட்டணத்தை மாற்றியது. அதைக்கூடச் சமாளித்திருக்கலாம். வான்காரர் சொன்னதுதான் கதையை முடித்தது: "போறதுக்கு டீசல் இருக்கு மாஸ்டர். வர்றதுக்கு இல்ல."

பிறகு செய்வதற்கு இருந்தவை இரண்டு. நிலைமை சீராகும் வரை காத்திருப்பது, அல்லது தோட்டத்திலேயே பதிவு செய்வது. கிட்டார்க்காரர் காத்திருக்கலாம் என்றார். காத்திருக்க முடியாததற்குக் காரணம் இரண்டு. மாஸ்டரின் குரல் வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டிருந்தது. பேஸ் வாசிக்கும் தம்பி பாஸ்போட்டுக்கு விண்ணப்பித்திருந்தார். இரண்டாவது காரணத்தை அவர் எங்களிடம் சொன்னது மார்ச் கடைசியில்தான்.

இடமாகக் கிடைத்தது பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம். புதிய கட்டடம் வந்த பிறகு இது சும்மா கிடந்தது. நீளமான அறை, சிமெந்துத் தரை, தகரக் கூரை. கை தட்டினால் நாலு தடவை திரும்பி வரும். சுவருக்குக் கம்பளியும் கொழுந்துச் சாக்கும் தொங்கவிட்டோம். என்னிடம் ஒரு லெப்டொப், மைக்கை லெப்டொப்போடு இணைக்கும், யூஎஸ்பியில் இயங்கும் இரண்டு வாய் இன்டர்ஃபேஸ், மூன்று மைக்.

கரண்ட் இல்லாத நேரமே நல்ல நேரம்

மின்வெட்டு அட்டவணை ஏ முதல் டபிள்யூ வரை ஊர்களைப் பிரித்துப் போட்டிருந்தது. மார்ச் 31 அன்று வெட்டு 13 மணி நேரம். நீண்ட வெட்டில் போன் கோபுரமும் செத்துவிடும் என்பதால் அடுத்த நாள் அட்டவணையைப் பார்க்கவும் வழியிருக்காது. கோயில் சுவரில் ஒருவர் கையால் எழுதி ஒட்டுவார். எங்களுக்கு அதுதான் பஞ்சாங்கம்.

முதல் இரண்டு வாரம் கரண்ட் உள்ள நேரத்தைத் துரத்தினோம். கரண்ட் வந்ததும் ஓடி வந்து வயரைப் பூட்டிப் பதிவு செய்வது. கிடைத்ததெல்லாம் அழுக்கு. கட்டடத்தில் எர்த் சரியில்லை, ஆகவே கிட்டார் ஒவ்வொரு தடவையும் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் உறுமலோடு வந்தது. அதற்கு மேல், கரண்ட் வந்தால் லயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் டீவியைப் போட்டு, தேங்காய்ச் சம்பலுக்கு மிக்சியையும் ஓட்டுவார்கள். யாரைக் குறை சொல்வது?

ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் மாஸ்டர் வழிகாட்டிக் குரல் (மற்றவர்கள் கேட்டு வாசிப்பதற்கான தற்காலிகக் குரல்) பாடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. லெப்டொப் பெட்டரியில் பதிவு நிற்காமல் ஓடியது. அன்று இரவு ஹெட்போனில் கேட்டேன். வெட்டு விழுந்த இடத்தில் திரை ஒன்றை விலக்கியது போல் இருந்தது. உறுமல் இல்லை, டீவி இல்லை, தொழிற்சாலைப் பக்கம் இருந்து வரும் மோட்டர் சத்தமும் இல்லை. ஒரு குரலும் தூரத்தில் ஓர் ஆறும் மட்டும்.

மறுநாளே அட்டவணையைத் தலைகீழாக்கினோம். வெட்டு நேரத்தில் குரல், தப்பு, பேஸ், மரக் கிட்டார். கரண்ட் நேரத்தில் சார்ஜ் ஏற்றுவது, பதிந்ததைக் கேட்பது, கணக்குப் பார்ப்பது. கீபோட்டுக்கு ஆறு பெரிய பெட்டரி தேவை. விலையைப் பார்த்து, கீபோட்டை மட்டும் கரண்ட் நேரத்துக்கு விட்டோம். அது மைக் இல்லாமல் நேராக வயரில் வருவதால் வெளிச் சத்தம் பிரச்சினை இல்லை. லெப்டொப் பெட்டரி இரண்டே முக்கால் மணி நேரம் நிற்கும். மைக்குக்கு 48 வோல்ட் கொடுத்தால் இரண்டு மணி நேரந்தான். ஆகவே நல்ல மைக் கடைசிக் குரலுக்கு மட்டும்.

இந்த முழு வேலையிலும் நாங்கள் எடுத்த சிறந்த முடிவு இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனால் திட்டமிட்டு எடுத்தது அல்ல, தற்செயலாகக் காதில் விழுந்தது.

தப்புக்குத் தனிப் பாடு. பனி இறங்கினால் தோல் தளரும், சுருதி போய்விடும். வெளியே காகிதமும் சுள்ளியும் போட்டு நெருப்பு மூட்டி, தப்பைக் காட்டிக் காய்ச்சி, விரலால் தட்டிப் பார்த்து, 'டண்' என்று வந்ததும் உள்ளே ஓடி வர வேண்டும். பத்து நிமிடத்துக்குள் வாசித்து முடிக்காவிட்டால் திரும்ப நெருப்புக்குப் போக வேண்டும். கூர்ந்து கேட்டால் ஒரு பாட்டின் கடைசிச் சரணத்தில் தப்பு கொஞ்சம் தொய்ந்திருப்பது தெரியும். அதைத் திருத்த வேண்டாம் என்றார் மாஸ்டர்.

மாஸ்டரின் குரல் விஷயமும் இந்த நாட்களில்தான் வெளிப்பட்டது. கடுதாசிப் பாட்டை 1993 இல் மூன்று கட்டைச் சுருதியில் பாடியிருந்தார். இப்போது ஒன்றரைக் கட்டையில்தான் மேல் ஸ்தாயி எட்டியது. கிட்டாரில் அந்தப் பாட்டின் தொடக்கம் திறந்த கம்பியில் வாசிப்பது. கம்பியைத் தளர்த்தினால் நொய்ங் என்றது. தடித்த கம்பி ஹட்டனிலும் இல்லை, கண்டியிலும் இல்லை. கடைசியில் கிட்டார்க் கழுத்தின் நாலாம் கட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு வேறு விரல் பிடியில் வாசித்தார். பழைய கெசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டவர்கள் 'தொடக்கம் மாறிவிட்டது' என்று இன்றும் சொல்கிறார்கள். மாறித்தான் விட்டது.

பாஸ்போட்: மே – ஜூலை

பேஸ் வாசிக்கும் தம்பிக்குக் கட்டார் நாட்டில் வேலை சரிவந்தது. ஓகஸ்டில் பயணம். வழக்கமாக டிரம்ஸைப் பதிந்துவிட்டு அதன் மேல் பேஸ் வாசிப்பார்கள். எங்களிடம் டிரம்ஸுக்கு வேண்டிய மைக்குகள் இல்லை. இரவல் தருவதாகச் சொன்ன நண்பர் நுவரெலியாவில், எங்களிடம் பெற்றோல் இல்லை. மே 24 இல் லீற்றர் 420 ரூபாய், ஜூன் 26 இல் 470. அடுத்த நாள் நள்ளிரவோடு அத்தியாவசிய சேவை தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று ஜூலை 10 வரை நிறுத்தினார்கள். தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் அப்போது 1,000 ரூபாய். ஆட்டோ ஓட்டும் எங்கள் டிரம்ஸ்காரர் மூன்று இரவு வரிசையில் படுத்தார். வரிசையில் நிற்பவரிடம் ஒத்திகைக்கு வா என்று எப்படிச் சொல்வது?

ஆகவே முறையைத் திருப்பினோம். தாளத்தைச் சீராகத் தட்டும் மெட்ரோனோமின் தட்டுக்கு எட்டுப் பாட்டுக்கும் பேஸை முதலில் பதிந்தோம், டிரம்ஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆள் போகும் முன் வாசிப்பாவது கையில் இருக்கட்டும் என்பது எண்ணம்.

செப்டெம்பரில் கியூஆர் முறை எரிபொருள் பங்கீட்டில் ஆட்டோவுக்கு வாரம் 5 லீற்றர் என்று கிடைக்கத் தொடங்கியிருந்தது. நான்கு வாரம் மிச்சம் பிடித்து மைக்குகளைக் கொண்டு வந்தோம். டிரம்ஸ்காரர் உட்கார்ந்து வாசித்தார். முப்பத்தைந்து வருடம் பாடகரின் மூச்சைப் பார்த்து அடித்தவர், இப்போது ஊரில் இல்லாத ஒருவரின் பேஸுக்குப் பின்னால் ஓட வேண்டியிருந்தது. ஆறு பாட்டில் ஒட்டியது. பைலாத் தாளத்தில் இருந்த இரண்டில் ஒட்டவே இல்லை. பைலாவில் அடி கொஞ்சம் சாய்ந்து விழ வேண்டும், மெட்ரோனோமுக்கு அந்தச் சாய்வு தெரியாது. நாலு நாள் முயன்றுவிட்டு இரண்டையும் எடுத்து வைத்தோம். அல்பம் ஆறு பாட்டானது இப்படித்தான்.

நான் தொலைத்த பாட்டு

ஜூன் நடுவில் பாடகி ஒரு தாலாட்டை விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒரே மூச்சில் பாடிக் கொடுத்தார். அன்று மழை இல்லை. பதிவை வெளி வன்தட்டில் போட்டு, வன்தட்டை வயரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். லெப்டொப்பில் இடம் இல்லாததால் அங்கிருந்த பிரதியை அழித்திருந்தேன். இரவு எட்டரைக்குக் கரண்ட் வந்த வேகத்தில் வன்தட்டு எரிந்தது. தாலாட்டும், வேறு இரண்டு பாட்டுக்கான கிட்டாரும் போயின.

பாடகியிடம் நேரில் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சரி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்று வாரம் வரவில்லை.

திரும்பப் பாட வந்தபோது தென்மேற்குப் பருவமழை நின்றுபெய்தது. தகரத்தின் கீழ் பேச்சே கேட்காது. கூரை மேல் பழைய படங்கும் சாக்கும் விரித்துக் கல் வைத்தோம். சடசட என்ற சத்தம் தொப் தொப் என்று அடங்கியது. அடங்கியதே தவிர நிற்கவில்லை. மைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில் வைத்து, தரையில் உட்கார்ந்து, கிட்டத்தட்ட முணுமுணுப்பாகப் பாடினார். அல்பத்தில் இருப்பது அதுதான். கேட்டவர்கள் அதிகம் பாராட்டுவதும் அதைத்தான். எனக்கு முதல் பதிவுதான் மேல். பாடகி இதை ஒத்துக்கொள்வதில்லை.

கொப்பி: 2022 ஒக்டோபர் – டிசம்பர்

இதுவரை சொன்னதெல்லாம் வேலையைத் தாமதப்படுத்தியது. வேலையையே நிறுத்தியது ஒரு கொப்பி.

மிக்ஸிங் செய்ய இருந்தவரும் வெளிநாடு போய்விட்டார். கோப்புகளை அவருக்கு இரவு டேட்டாவில் அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டுக்கு 24 டிராக் என்றால் 800 எம்பிக்கு மேல். அவர் எல்லாப் பாட்டுக்கும் யார் எழுதியது, யார் மெட்டு என்று கேட்டு ஒரு படிவம் அனுப்பினார். இணையத்தில் ஏற்ற அது வேண்டும். நான் அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருக்கும்போது வாசித்தேன். கடுதாசிப் பாட்டுக்கு வந்ததும் மாஸ்டர், "குழுன்னு போடுங்க" என்றார். கீபோட்காரர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு ஒரு கொப்பியோடு வந்தார்.

1986 முதல் குழுவின் வரவு செலவு எல்லாம் அதில் இருந்தது. எந்தப் பாட்டுக்கு எந்தத் திகதியில் மெட்டுப் போட்டார், எந்த வரி யாருடையது என்பதும் இருந்தது. நடுப்பக்கத்தில் 1993: கெசட் போட அவர் மனைவியின் ஒன்றரைப் பவுன் சங்கிலி அடகு வைக்கப்பட்டது. கெசட் விற்ற பணத்தில் பாதி வந்தது. சங்கிலி மீட்கப்படவில்லை. மாஸ்டர் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். "இத நீங்க ஏன் இத்தன வருசமா சொல்லல?" என்றார். "கேட்டீங்களா மாஸ்டர்?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் ஒத்திகை இல்லை.

நானும் பாடகியும் செய்தது ஒன்றுதான், இரண்டு விஷயத்தையும் பிரித்தோம். சங்கிலி கடன். பாட்டு உரிமை. ஒன்றாகப் பேசினால் இரண்டுமே தீராது. கடனைப் பவுன் விலையில் தீர்க்க யாரிடமும் பணம் இல்லை. ஒரு தொகை பேசி, அல்பத்தின் முதல் வருமானம் அதற்கே போக வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

உரிமைக்கு, 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பார்த்தோம். படைத்தவரின் ஆயுளுக்கும் அதன் பின் 70 வருடத்துக்கும் உரிமை உண்டு, பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. அப்படியானால் கணக்கப்பிள்ளையின் வரிகள் அவர் குடும்பத்துடையவை. அதுவரை அந்தக் குடும்பத்தை யாரும் நினைக்கவே இல்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மாஸ்டரும் நானும் அவர் மனைவியைப் பார்க்கப் போனோம். நாங்கள் சொல்லி முடிக்கும் வரை கேட்டிருந்துவிட்டு, "பேரும் வேணும், பங்கும் வேணும் தம்பி" என்றார். தேத்தண்ணி கொடுத்தார். பேச்சு அவ்வளவுதான்.

எழுதிய தாளில், கடுதாசிப் பாட்டில் வரிக்குப் பாதி அந்தக் குடும்பத்துக்கு. மெட்டுக்கான மீதிப் பாதியில் ஐந்தில் மூன்று கீபோட்காரருக்கு, இரண்டு மாஸ்டருக்கு. அனுபல்லவி தன் வாயில் வந்தது என்று மாஸ்டர் சொன்னதைக் கொப்பியும் மறுக்கவில்லை. வாசித்ததற்கான வருமானம் ஆறு பேருக்கும் சமம், கட்டாரில் இருப்பவர் உட்பட. கீபோட்காரர் கையெழுத்துப் போட்டார். தன் பாகம் எல்லாவற்றையும் ஜனவரியில் வாசித்து முடித்தும் கொடுத்தார். அதோடு குழுவை விட்டு விலகிவிட்டார்.

வெளியீடு: 2023

பெப்ரவரி நடுவில் மின்வெட்டு நின்றது. கரண்ட் பில் எகிறியது அதே மாதந்தான். மலையகத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வந்து 200 வருடம் என்று 2023 முழுவதும் நிகழ்ச்சிகள் நடந்தன. அட்டையில் '200' என்று போட்டால் கவனம் கிடைக்கும் என்று பலர் சொன்னார்கள். ஆறு பாட்டில் ஒன்றுகூட அதைப் பற்றியது இல்லை. போடவில்லை. அது சரியான முடிவுதான், மேடை சில கைவிட்டுப் போனாலும்.

மே மாதம் ஒரு பாடசாலை மண்டபத்தில் வெளியீடு. சீடி போடவில்லை, இப்போது யார் வீட்டில் அதற்கு மெஷின் இருக்கிறது? ஆட்டோவிலும் பஸ்ஸிலும் பென்டிரைவ் தான் ஓடுகிறது. 150 பென்டிரைவ் செய்தோம். நாலு மாதத்தில் 118 போனது. அதில் பாதிக்கு மேல் விற்றவர் டிரம்ஸ்காரர், தன் ஆட்டோவில் போட்டுக்காட்டி. இணைய வருமானத்தை வாங்குவதில் சிக்கல். இணையப் பணப்பரிமாற்றச் சேவையான பேபால் மூலம் அப்போது இலங்கைக்குப் பணம் வாங்க முடியவில்லை. பாடகியின் தங்கை கனடாவில் இருக்கிறார், அவர் கணக்கு வழியாக எடுத்தோம். சங்கிலிக் கடனில் மூன்றில் இரண்டு அந்த வருடமே தீர்ந்தது.

வெளியீட்டுக்குக் கீபோட்காரர் வரவில்லை, மனைவி வந்திருந்தார். கணக்கப்பிள்ளையின் குடும்பம் முன்வரிசையில் இருந்தது.

இன்னொரு தடவை என்றால்

படிவத்தை முதல் நாளே நிரப்புவேன். அப்போதே சண்டை வந்திருக்கும், ஆனால் எட்டு மாத வேலையைப் பணயமாக வைத்து வந்திருக்காது.

குரல்களை மார்ச், ஏப்ரல் காலை வேளைகளில் முடிப்பேன். அந்த மாதங்களில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகுதான். நாங்கள் கருவியை முதலில் எடுத்துக்கொண்டு குரலை மழைக்கு விட்டோம்.

ஒவ்வொரு நாளும் இரண்டு பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில். கரண்ட் இல்லாத நேரத்தில் எல்லா வயரையும் கழற்றி வைப்பது.

பேஸை முதலில் பதிய நேர்ந்தால் மெட்ரோனோமுக்குப் பதிலாகத் தப்புக்காரரைப் பக்கத்தில் உட்கார வைப்பேன். நெருப்பு மூட்டப் பத்து நிமிடம், வாசிக்கப் பத்து நிமிடம், பெற்றோல் தேவையில்லை. அந்த யோசனை அப்போது ஒருவருக்கும் வரவில்லை. ஒதுக்கி வைத்த இரண்டு பைலாப் பாட்டின் பேஸும் புது வன்தட்டில் இருக்கிறது. கட்டாரில் இருக்கும் தம்பி லீவில் வரும்போது திரும்ப வாசிப்பதாகச் சொல்லியிருக்கிறார்.